லேடிஸ்மித் வீட்டுத் தோட்டத்தில் நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ்: ஒரு சிற்பியின் அனுபவம்

மெட்டல் டிடெக்டர் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரையில் நாணயமும் மோதிரமும் தேடுகிறவர்கள். அவர்கள் சொல்லும் முதல் யோசனை, இரும்பை ஒதுக்கி வையுங்கள், காதுக்கு நிம்மதி என்பதுதான். போர் நடந்த ஊரில், வீட்டுத் தோட்டத்தில் தேடும்போது அந்த யோசனையைக் கேட்காதீர்கள். அங்கே பாதிக் கதை இரும்பில்தான் இருக்கிறது. நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் கருவியை நான் மதிப்பிடுவதும் அந்த இரும்பை வைத்துத்தான்.

நான் கோயில் வேலை செய்யும் சிற்பி. மாமல்லபுரத்தில் படித்தேன். திருப்பணி வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டாலுக்கு வந்து, லேடிஸ்மித்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தோட்டத்தில் உள்ள தனி அறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், நான் ஐயா என்று கூப்பிடுவேன். அவருடைய தாத்தாவும் ரயில் பாதைக் கூலிதான். ஐயாவுக்குத் தமிழில் பேசுவது கொஞ்சம் சிரமம், தேவாரம் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் வரும். கருவியை நான் வாங்கியது கோயில் வேலைக்காக. கடைக்கால் தோண்டும் முன், மண்ணுக்குள் பழைய தண்ணீர்க் குழாயோ கம்பியோ ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. டர்பனில் வாங்கினேன், பத்தாயிரம் ரேண்டுக்குள் முடிந்தது.

லேடிஸ்மித்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1899 நவம்பர் 2 முதல் 1900 பிப்ரவரி 28 வரை இந்த ஊரை, பிரிட்டனோடு போரிட்ட போயர்களின் (டச்சு வழிவந்த குடியேறிகள்) படை முற்றுகையிட்டது. உள்ளே ஜெனரல் ஜார்ஜ் ஒயிட்டின் பிரிட்டிஷ் படையும் ஊர் மக்களும் சிக்கிக்கொண்டார்கள். கிழக்கே இருக்கும் உம்புல்வானா மலையிலிருந்து லாங் டாம் என்ற 155 மில்லிமீட்டர் பீரங்கி ஊருக்குள் சுட்டது. நகர மண்டபத்தின் மணிக்கூண்டை ஒரு குண்டு உடைத்ததை இன்றும் ஊரில் சொல்வார்கள். அந்தப் பீரங்கி வாயில் நெருப்புத் தெரிந்தவுடன் மணி அடித்து மக்களைப் பதுங்கச் சொன்னவர் பிரபு சிங் என்ற ஒப்பந்தத் தொழிலாளி. ஒவ்வொரு முறையும் தன் உயிரை வெளியே வைத்துக்கொண்டு நின்றவர். தெற்கே பிளாட்ராண்ட் மேட்டில் 1900 ஜனவரி 6 அன்று நாள் முழுக்க நேருக்கு நேர் சண்டை நடந்தது. வாகன் ஹில், சீசர்ஸ் கேம்ப் என்ற பெயர்களெல்லாம் அந்த மேட்டின் பகுதிகள்தான். ஐயாவின் வீட்டிலிருந்து பார்த்தால் மேடு தெரியும்.

தோட்டத்து வேலையைப் பார்த்துக்கொள்பவர் வயதான ஒரு சூலு மனிதர், எங்கள் எல்லோருக்கும் பாபா. மடும்பி (சேப்பங்கிழங்கு வகை) பாத்தி கொத்தும்போது கிடைத்தவற்றை ஒரு ஜாம் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். பச்சை பிடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகள், கோலிக்குண்டை விடச் சிறிய ஈய உருண்டைகள், உடைந்த லாடத் துண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு உடனே கருவியை எடுத்துக்கொண்டு இறங்க ஆசைதான். ஐயா தடுத்தார். "பொறு தம்பி. மொதல்ல மியூசியத்துல சொல்லணும்."

சொல்லத்தான் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டம் இருக்கிறது. 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட போர்ப் பொருள்களும் அவை கிடக்கும் இடமும் அதன்படி தொல்லியல் கணக்கில் வரும். அந்தப் பொருள்கள் அரசுக்குச் சொந்தம். நம் வீட்டு மண்ணில் கிடந்தாலும் நமக்குச் சொந்தமில்லை. அனுமதி இல்லாமல் தோண்டுவது, எடுப்பது, விற்பது மட்டுமல்ல, அப்படிப்பட்ட இடத்துக்கு மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோவதே சட்டத்தின் 35ஆம் பிரிவில் குற்றம். கட்டுமானத்திலோ பயிர் வேலையிலோ தற்செயலாகக் கிடைத்தால் மரபு அதிகாரிகளிடமோ பக்கத்து அருங்காட்சியகத்திலோ உடனே சொல்ல வேண்டும். எனக்குக் கருவியை விற்ற கடை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுத்தாள் கிடையாது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம். இந்த நாட்டில் இந்தக் கருவியை விற்கிறவர்கள் ரசீதோடு அந்தப் பிரிவையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

ஐயா டப்பாவை முற்றுகை அருங்காட்சியகத்தில் காட்டினார். அதன் வழியாக ஒரு தொல்லியலாளர் வந்து பார்த்தார். மாகாணத்தில் இந்த வேலைக்குப் பொறுப்பான அமாஃபா அமைப்பில் அவர் அனுமதி வாங்கியபின்தான் தோட்டத்தில் தேடல் தொடங்கியது. மாதங்கள் பிடித்தன. அவருடைய உதவியாளர் ஒருவர் மினிலேப் எக்வினாக்ஸ் 800 என்ற வேறொரு டிடெக்டரைக் கொண்டுவந்தார். நான் என் சிம்ப்ளெக்ஸோடு, அவர்கள் சொன்னபடி நடக்கும் தன்னார்வலனாகச் சேர்ந்தேன். நான் கீழே சொல்வதெல்லாம் அந்த வேலையில் பார்த்தது.

கருவியின் அடிப்படை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துருக்கியில் செய்தது. 12 கிலோஹெர்ட்ஸ், ஒற்றை அலைவரிசை. தரைக்கு மேலே வீசித் தேடும் வட்டத் தட்டான காயிலின் குறுக்களவு 28 சென்டிமீட்டர். எடை 1.3 கிலோ. தண்ணீருக்குள் 3 மீட்டர் வரை தாங்கும் என்கிறார்கள், தோட்டத்தில் எனக்கு அது தேவைப்படவில்லை. பேட்டரி உள்ளேயே பொருத்தியது, யுஎஸ்பி கம்பியில் சார்ஜ் ஏறும், காலையில் தொடங்கினால் மாலை வரை நிற்கிறது. திரையில் 0 முதல் 99 வரை எண் காட்டும். இரும்புக்குக் கீழ் எண், பித்தளை வெள்ளிக்கு மேல் எண். இருட்டினால் விளக்கு எரியும், கைப்பிடி அதிரவும் செய்யும். கொடுத்த காசுக்கு இவ்வளவும் தாராளம்.

இனி காதுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கருவியை நான் எண்ணைப் பார்த்து ஓட்டவில்லை. கல்லைத் தட்டிக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். மணிபோல ஒலித்தால் ஆண் கல், தாளம்போல ஒலித்தால் பெண் கல், மந்தமாக இருந்தால் அலிக்கல் என்று முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சிம்ப்ளெக்ஸின் ஓசையும் அப்படித்தான் பிரிந்து வருகிறது. வட்டமான, முழுசான பித்தளைக் கூடு இரண்டு பக்கமிருந்து வீசினாலும் ஒரே மாதிரி துல்லியமாகப் பேசும். கசங்கிய தகரம் ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் இழுக்கும். ஈய உருண்டைக்குச் சிறிய, உருண்ட, நடுத்தரமான ஓசை. இரும்பின் அடி ஓசை தணிந்து வரும். பெரிய செல் (பீரங்கிக் குண்டு) துண்டாக இருந்தால் அடியும் உச்சியும் கலந்து உடைந்து வரும். சில நாள் பழகியபின் திரையைப் பார்க்காமலே, ஓசை வந்த இடத்தில் எந்த நிற அடையாளக் கொடி நடுவது என்று சொல்ல முடிந்தது. ஹெட்போன் போட்டுக்கொண்டால் இன்னும் தெளிவு. அந்த ஓசையின் நேர்மைதான் சிம்ப்ளெக்ஸிடம் எனக்குப் பிடித்த முதல் குணம்.

எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு ஈய உருண்டையே சாட்சி. பீர் டின்னின் மூடி வளையமும் அலுமினியத் தாளும் அதே நடு எண்களில் வந்து உட்காரும். பிராய் (இறைச்சி சுடும் அடுப்பு) போடும் மூலையில் அந்தக் குப்பை ஏராளம். குப்பை என்று ஒதுக்கினால் ஈயமும் போய்விடும், அதனால் எல்லாவற்றையும் பார்த்தோம்.

தேடும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், கருவியை விட அதுதான் பெரிது. கயிறு கட்டி இரண்டு மீட்டர் அகலத்தில் பாதை பிரித்தார்கள். ஓசை வந்த இடத்தில் கொடி மட்டும் நட வேண்டும், தோண்டக்கூடாது. கொடி நட்டு முடிந்தபின் தொல்லியலாளர் ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து, எண் கொடுத்து, அப்புறம்தான் கரண்டி இறங்கும். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1983இல் புல்தீ பிடித்து நிலம் வெறுமையானபின், அடுத்த ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் இப்படித்தான் டிடெக்டர்காரர்களை வரிசையில் நடக்க வைத்து, கூடு எங்கே குண்டு எங்கே என்று குறித்து, யார் எங்கிருந்து சுட்டார்கள் என்பதையே வரைந்து காட்டினார்கள். கூடு விழுந்த இடத்தில் சுட்டவன் நின்றிருக்கிறான், குண்டு புதைந்த இடம் அவன் குறிவைத்த திசை. டப்பாவில் அள்ளிப் போட்டுவிட்டால் அந்தக் கூடு வெறும் பித்தளைதான். பாபாவும் இதைக் கேட்டுவிட்டு, தன் டப்பாவில் உள்ளவை எந்தெந்தப் பாத்தியில் கிடைத்தன என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பெரும்பாலும் நினைவில் வைத்திருந்தார். தொல்லியலாளர் அதையும் வரைபடத்தில் தனி நிறத்தில் குறித்துக்கொண்டார்.

கிடைத்தவற்றில் .303 அங்குல அளவுக் கூடுகள் அதிகம், பிரிட்டிஷ் துப்பாக்கியின் தோட்டா. அடியில் சி என்ற எழுத்து இருந்தால் கார்டைட் என்ற வெடிமருந்து போட்டது என்று பொருள், பக்கத்தில் ரோமானிய இரண்டு அதன் வகை எண். போயர்களின் 7 மில்லிமீட்டர் மவுசர் கூடுகளும் சில. எனக்கு மிகவும் பிடித்தது ஒரு 303 குண்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் படையில் லீ-மெட்ஃபோர்ட், லீ-என்ஃபீல்ட் என்று இரண்டு துப்பாக்கிகளும் ஒரே தோட்டாவைத்தான் சுட்டன. ஆனால் மெட்ஃபோர்ட் குழலுக்குள் ஆழமில்லாத 7 வரிப்பள்ளங்கள், என்ஃபீல்ட் குழலில் 5. குண்டின் உடம்பில் பதிந்த கோடுகளை எண்ணினால் எந்தத் துப்பாக்கி என்று தெரிந்துவிடும். பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்கள். நுண்ணிய உளிவேலையைப் பார்த்துப் பழகிய கண் என்பதால் ஐந்து என்று சொல்லிவிட்டேன், அவர்களும் எண்ணி உறுதி செய்தார்கள்.

ஆனால் நான் முதலில் சொன்ன இரும்புக்கு வருவோம். சிம்ப்ளெக்ஸில் இரும்பின் ஓசையைத் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம், முழுக்க அடக்கவும் செய்யலாம். நாங்கள் எந்த உலோகத்தையும் ஒதுக்காமல், இரும்பின் ஓசையைக் குறைத்து ஆனால் அடக்காமல் ஓட்டினோம். அப்போதுதான் செல் துண்டு, கூடார முளை, மாட்டிறைச்சி டின்னின் விளிம்பு, லாடம் எல்லாம் வந்தன.

லாடங்கள்தான் என்னை நிறுத்தி வைத்தன. அவற்றில் சில ஒடுக்கமானவை, கோவேறு கழுதைக்கு அடித்தவையாக இருக்கலாம் என்றார் தொல்லியலாளர். முற்றுகையின் கடைசி வாரங்களில் தீனி இல்லாமல் குதிரைகளையே வெட்டி, அந்த இறைச்சியைக் காய்ச்சி செவ்ரில் என்று பெயர் வைத்து நோயாளிகளுக்கும் படைக்கும் கொடுத்தார்கள். அந்தக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் யார்? இந்தியாவிலிருந்து படையோடு கப்பலில் வந்த குதிரைக்காரர்கள், லாடம் அடிப்பவர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், டோலி தூக்குபவர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் அப்சர்வேட்டரி மேட்டில் உள்ள இந்தியப் படை நினைவுத்தூணில் சிப்பாய்களோடு லாடக்காரர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. அதனால் மண்ணில் அவர்கள் விட்டுப்போனதில் பித்தளை இல்லை, இரும்புதான் இருக்கிறது. டிடெக்டரில் இரும்பை ஒதுக்குகிறவர் தெரியாமலே அவர்களையும் ஒதுக்கிவிடுகிறார். நம் ஆட்கள் அந்தப் போரில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் காந்தியின் ஆம்புலன்ஸ் படையைத்தான் சொல்வார்கள். அது உண்மையே. ஏறத்தாழ 1,100 பேர், பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆனால் அவர்கள் வேலை செய்தது முற்றுகைக்கு வெளியே, ஊரை மீட்க வந்த ஜெனரல் புல்லரின் பிரிட்டிஷ் படையோடு, கொலென்சோவிலும் ஸ்பியன் கோப்பிலும். ஊருக்குள்ளே பசியோடு இருந்த குதிரைக்காரரின் தடயம் ஒரு லாடத்தில்தான் கிடைக்கும்.

சரி, குறைகள். முதல் குறை மின்வேலி. இங்கே வீட்டுச் சுவர்மேல் மின்வேலி இல்லாத தெரு அபூர்வம். வேலி துடிக்கும்போதெல்லாம் சிம்ப்ளெக்ஸ் கத்துகிறது. அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தும் வசதி இருக்கிறது, ஓரளவு குறையும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் இன்னும் அமைதி, ஆழமும் போய்விடும். கடைசியில் வேலை நேரத்தில் ஐயா வேலியை அணைத்துவிட்டு, தானே நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு வேலிக்கு அந்த வழியும் இல்லை, அந்தச் சுவரோரம் ஒன்றரை மீட்டர் கீற்று இன்னும் சரியாகப் பார்க்கப்படவில்லை.

இரண்டாவது, கல். இந்த மேடுகளின் தலையில் இருப்பது டாலரைட் என்ற கருங்கல், இரும்புச்சத்து உள்ளது. அது உதிர்ந்த சிவப்பு மண்ணில் சில கற்களே உலோகம்போலப் பேசும். காயிலை மேலும் கீழும் அசைத்து மண்ணுக்கு ஏற்ப கருவியைச் சமன் செய்யும் பொத்தான் இருக்கிறது. பாத்திக்குப் பாத்தி அதை மறுபடி செய்ய வேண்டும், சோம்பல் கூடாது. செய்தால் நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியும் தோட்டா அளவுப் பொருள் ஒரு சாணுக்குக் கீழே போனால் சந்தேகமாகத்தான் கேட்கிறது. பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் எக்வினாக்ஸ் அங்கே தெளிவாக முந்தியது. நான் விட்டுப்போன ஒரு செம்புப் பட்டையை அது பிடித்தது, செல்லின் இடுப்பைச் சுற்றி இருக்கும் வளையத்தின் துண்டு. விலையும் அதற்கேற்ப அதிகம்தான். மழை பெய்து ஈரம் இறங்கிய வாரங்களில் இரண்டு கருவிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறைந்தது. காய்ந்த குளிர்காலத்தில் அதிகம்.

28 சென்டிமீட்டர் காயில் திறந்த புல்வெளிக்கு அருமை, கறிவேப்பிலை மரத்தடியிலும் கொய்யா வேர்களுக்கு நடுவிலும் நுழையாது. தண்டின் திருகுப் பூட்டு நாளாக நாளாக லேசாக ஆடுகிறது, ரப்பர் துண்டு சுற்றி இறுக்கி வைத்திருக்கிறேன். பேட்டரியை நாமே மாற்ற முடியாதது எனக்குப் பிடிக்கவில்லை. இதைத் தவிர கையில் பிடித்துத் துல்லியமாக இடம் காட்டும் சின்னக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். உதவியாளரிடம் இருந்த காரெட் நிறுவனத்தின் ஆரஞ்சு நிற ப்ரோ-பாயிண்டர் பாதித் தோண்டலை மிச்சப்படுத்தியது. அது இல்லாமல் தோண்டினால் கரண்டி முனை பொருளைக் கீறிவிடும். கல்லில் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும், மண்ணுக்குள்ளிருந்து வரும் பித்தளைக்கும் அதே கதிதான்.

ஆபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. போயர் பீரங்கிகளில் பாம்-பாம் என்று ஒன்று, 37 மில்லிமீட்டர் சிறிய செல்லைச் சுடும். கையில் அடங்கும் அளவு, வெடிக்காமல் கிடந்தால் நூறாண்டு கழிந்தும் வெடிக்கலாம். செல்லை வெடிக்க வைக்கும் பித்தளை ஃப்யூஸ் மூடிகளும் அப்படியே. எங்கள் குழுவின் விதி எளிமையானது. உருளையாக, விரலை விடத் தடியாக ஏதாவது தலை காட்டினால் கையை எடுத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும், தொடக்கூடாது, தட்டக்கூடாது, 10111க்குப் போன் செய்து போலீசின் வெடிபொருள் பிரிவைக் கேட்க வேண்டும். சுடாத முழுத் தோட்டா கிடைத்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். எலும்பு தெரிந்தால் வேலை அங்கேயே நிற்கும். தோட்டத்தின் ஒரு மூலையில் ராணுவச் சட்டைப் பொத்தான்கள் நெருக்கமாக வந்தபோது தொல்லியலாளர் அந்தக் கட்டத்தையே மூடச் சொன்னார். கல்லறையாக இருக்க வாய்ப்பு உண்டு என்றால் அதற்கு வேறு அனுமதி, வேறு ஆட்கள். வீட்டுக்கார அம்மா அன்று மாலை அந்த மூலையில் ஒரு விளக்கு வைத்தார்கள். இப்போது அங்கே யாரும் மிதிப்பதில்லை.

யார் வாங்கலாம்? கட்டட வேலையில் புதைந்த குழாய், நில எல்லையில் சர்வேயர் அடித்த இரும்பு முளை, தொலைந்த தாலி, இவற்றைத் தேட வேண்டியவர்கள் தாராளமாக வாங்கலாம். தொல்லியலாளரோடு தன்னார்வலராக நடக்க ஆசை உள்ளவருக்கும் இது போதும், எக்வினாக்ஸ் கட்டாயமில்லை. ஒரு வார இறுதியில் போர்ப் பொருள் தேடி விற்கலாம் என்று நினைக்கிறவர் வாங்க வேண்டாம், இந்த நாட்டில் எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். சிம்ப்ளெக்ஸ் பிளஸுக்குப் பதிலாக நோக்டா 2023இல் லைட், பிடி, அல்ட்ரா என்று மூன்று வகைகளைக் கொண்டுவந்துவிட்டது. அதனால் பிளஸ் இனிக் கடையில் மிச்சமாகவோ செகண்ட் ஹேண்டாகவோதான் கிடைக்கும். பழையது வாங்கினால் பேட்டரி முழு நாள் தாங்குகிறதா, தண்டு ஆடுகிறதா என்று இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

கிடைத்தவை எல்லாம் எண்ணிட்ட பைகளில் தொல்லியலாளரிடம் இருக்கின்றன. சுத்தம் செய்து பதிவு முடிந்தபின் அருங்காட்சியகத்துக்குப் போகும். வரைபடத்தின் ஒரு நகலை ஐயாவுக்குக் கொடுத்தார்கள், அதில் பாபாவின் பெயரும் இருக்கிறது. மரங்களுக்கு அடியில் மீதி இருக்கும் கட்டங்களுக்காகச் சிறிய காயில் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். மழை தொடங்கியதும் அனுமதி இருக்கும் காலத்துக்குள் அதையும் போட்டுப் பார்த்துவிட்டு, வேருக்கு நடுவில் இரும்பின் ஓசை எப்படிப் பிரிகிறது என்று இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.